தீர்ப்பளிக்கும் கலைஞர்: பன்னாட்டுத் திரைப்பட விழா நடுவர் பொறுப்பும் சத்யஜித் ராயும் (1946 – 1982)

ஆய்வுச் சுருக்கம்

பன்னாட்டுத் திரைப்பட விழாக்களின் வரலாறு பெரும்பாலும் விருது பெற்ற படங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகிறது. அவ்விருதுகளைத் தீர்மானித்த நடுவர்கள் யாவர், எந்தத் துறையிலிருந்து வந்தனர், யாருடைய சார்பில் அமர்ந்தனர் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. 1946 முதல் 1982 வரையிலான காலத்தில், நடுவர் என்பவர் நாட்டின் பிரதிநிதி என்னும் நிலையிலிருந்து தனித்த கலைஞர் என்னும் நிலைக்கு மாறியதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஓவியப் பயிற்சியும் விளம்பர வரைகலைப் பணியும் பெற்றுத் திரைப்பட இயக்குநராக உயர்ந்த சத்யஜித் ராயின் நடுவர் பணி இம்மாற்றத்தை விளக்கும் சான்றாகக் கொள்ளப்படுகிறது. இம்மாற்றம் சிறிய நாடுகளின் திரைக்கலைக்கு வழி திறந்ததையும், அதே வேளையில் விருது பெற்றோரே விருது வழங்கும் ஒரு வட்டத்தை உருவாக்கியதையும் கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: நடுவர் குழு, பன்னாட்டுத் திரைப்பட விழா, சத்யஜித் ராய், கம்பெரலிய, கான், பெர்லின், வெனிஸ்

முன்னுரை

ஒரு கலைப்படைப்பு பன்னாட்டு ஏற்பைப் பெறும் வழிகளுள் விழா விருது முதன்மையானது. 1956இல் கான் விழாவில் ‘பதேர் பாஞ்சாலி’ பெற்ற விருது, இந்தியத் திரைப்படம் பற்றிய மேலைநாட்டுப் பார்வையை மாற்றியது என்பது பலரும் சுட்டிய செய்தி. எனினும் அவ்விருது தானாக வந்தடைந்ததன்று. ஓர் அறையில் கூடிய சிலர் படங்களைக் கண்டு, விவாதித்து, வாக்களித்து எடுத்த முடிவு அது. அச்சிலரின் தொழிலும் பயிற்சியும் நாடும் அம்முடிவில் பங்கு கொண்டன. ஆதலின் நடுவர் பட்டியல்களையும் வரலாற்று மூலங்களாகக் கொள்ளுதல் வேண்டும். இக்கருத்தின் அடிப்படையில், கான், பெர்லின், வெனிஸ், மாஸ்கோ, தில்லி ஆகிய விழாக்களின் நடுவர் குழுக்கள் இங்கு ஒப்புநோக்கப்படுகின்றன.

1. நாட்டின் பிரதிநிதியாக நடுவர்

திரைப்பட விழாக்களுள் காலத்தால் முற்பட்டது 1932இல் தொடங்கிய வெனிஸ் விழா. பாசிச ஆட்சியின் நிழலில் வளர்ந்த அவ்விழாவில் 1938ஆம் ஆண்டு நடுவர் குழுவின் நம்பகத்தன்மை குலைந்தது. முசோலினி பெயரிலான கோப்பை, லெனி ரீபன்ஸ்டாலின் ‘ஒலிம்பியா’ என்னும் செருமானியப் படத்திற்கும், ‘லூசியானோ செர்ரா, விமானி’ என்னும் இத்தாலியப் படத்திற்கும் வழங்கப்பட்டது. பிரிட்டிஷ், அமெரிக்க நடுவர்கள் எதிர்ப்புத் தெரிவித்து விலகினர். அவ்விழாவில் கலந்துகொண்ட பிரெஞ்சு அதிகாரி பிலிப் எர்லாஞ்சே, அரசியல் தலையீடற்ற மாற்று விழா ஒன்று பிரான்சில் வேண்டும் என்னும் எண்ணத்தை முன்வைத்தார். அதன் விளைவே கான் விழா. 1939 செப்டம்பர் 1 அன்று தொடங்கவிருந்த அவ்விழா, அதே நாளில் செருமனி போலந்தின் மீது படையெடுத்தமையால் நடைபெறாமற் போயிற்று. நடுவர் மீதான ஐயமே ஒரு புதிய விழாவைத் தோற்றுவித்தது என்பது கருதத்தக்கது.

போருக்குப் பின் 1946இல் நடந்த முதல் கான் விழாவின் நடுவர் குழு, பங்கேற்ற நாடுகளின் பிரதிநிதிகளைக் கொண்டு அமைக்கப்பட்டது. பிரான்சின் ழார்ழ் உயிஸ்மான் தலைமை ஏற்றார். சோவியத் இயக்குநர் செர்கேய் கெராசிமோவ், எகிப்திய நாடகக் கலைஞர் யூசுப் வஹ்பி, நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் திரைப்படப் பிரிவை வளர்த்தெடுத்த ஐரிஸ் பேரி முதலியோர் உறுப்பினராக இருந்தனர். கலைஞர்கள் சிலர் இடம்பெற்றனர் எனினும் அவர்கள் அமர்ந்தது தத்தம் நாட்டின் பெயரால் ஆகும். இவ்வமைப்பின் இயல்பு அதன் தீர்ப்பிலேயே வெளிப்பட்டது. அவ்வாண்டு பெரும்பரிசு பதினொரு படங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. அப்பதினொன்றும் வெவ்வேறு நாடுகளைச் சேர்ந்தவை. ரோசெல்லினியின் ‘ரோம், திறந்த நகரம்’, டேவிட் லீனின் ‘பிரீஃப் என்கவுன்டர்’ ஆகியவற்றுடன் சேத்தன் ஆனந்தின் ‘நீச்சா நகர்’ படமும் அவற்றுள் ஒன்று.

‘நீச்சா நகர்’ பெற்ற பரிசு இந்தியத் திரைப்பட வரலாற்றில் பெருமிதத்துடன் குறிக்கப்படுவது முறையே. ஆயினும் ஒரு நாட்டிற்கு ஒரு பரிசு என்னும் வகையில் பங்கிடப்பட்ட தீர்ப்பு அது என்பதையும் உடன் குறித்தல் வேண்டும். அங்கு நடுவர் குழு செய்தது படங்களைத் தரம் பிரித்தலன்று. போரால் பிளவுண்ட நாடுகளை ஒரே மேடையில் நிறுத்தும் அரசுமுறைப் பணியாகும்.

2. எழுத்தாளரிலிருந்து இயக்குநருக்கு

1950களில் கான் நடுவர் குழுவின் தலைமை பெரும்பாலும் பிரெஞ்சு இலக்கியவாணர்களிடம் இருந்தது. ஆந்த்ரே மொருவா, மார்செல் பஞ்ஞோல், மார்செல் அஷார் ஆகியோர் தலைமை வகித்தோருள் சிலர். கவிஞராகவும் ஓவியராகவும் திரைப்பட இயக்குநராகவும் ஒருசேர விளங்கிய ழான் கோக்தோ 1953, 1954 ஆகிய இரு ஆண்டுகளிலும் தலைமை ஏற்றார். திரைப்படம் என்னும் இளைய கலைக்கு இலக்கியத்தின் மதிப்பைப் பெற்றுத்தரும் முயற்சியாக இதனைக் கொள்ளலாம். 1960இல் துப்பறியும் நாவலாசிரியர் ழார்ழ் சிமனோன் தலைமையில், ஹென்றி மில்லரும் இடம்பெற்ற குழு, பெல்லினியின் ‘லா டோல்ச்சே விட்டா’வைத் தேர்ந்தெடுத்தது. 1964இல் பிரிட்ஸ் லாங்கும், 1965இல் முதற்பெண் தலைவராக நடிகை ஒலிவியா டி ஹாவிலண்டும் பொறுப்பேற்றபோது தலைமை திரைத்துறையினர் கைக்கு மாறத் தொடங்கியது.

பெர்லினில் இம்மாற்றம் வேறு வகையில் நிகழ்ந்தது. 1951இல் தொடங்கிய அவ்விழாவின் முதல் நடுவர்கள் அனைவரும் மேற்கு செருமானியர். 1952 முதல் 1955 வரை பார்வையாளர் வாக்கெடுப்பே பரிசுகளை முடிவுசெய்தது. பன்னாட்டுத் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கங்களின் கூட்டமைப்பு முதல்தர விழா என ஏற்பளித்த பின்னரே, 1956இல் பன்னாட்டு நடுவர் குழு அமைந்தது. அதன் தலைவர் பிரெஞ்சு இயக்குநர் மார்செல் கார்னே. யார் நடுவராக அமரலாம் என்பதில் தயாரிப்பாளர் அமைப்புகளுக்கும் இடம் இருந்தது என்பதை இதனால் அறியலாம்.

3. தீர்ப்புக்கு உட்பட்டவரும் தீர்ப்பளித்தவரும்

சத்யஜித் ராய் 1940 முதல் 1942 வரை சாந்திநிகேதன் கலாபவனத்தில் நந்தலால் போஸ், வினோத் பிஹாரி முகர்ஜி ஆகியோரிடம் ஓவியம் பயின்றார். 1943இல் கல்கத்தாவின் டி.ஜே. கெய்மர் விளம்பர நிறுவனத்தில் வரைகலைஞராகச் சேர்ந்தார். சிக்னெட் பிரஸ் வெளியிட்ட நூல்களுக்கு அட்டைகளும் ஓவியங்களும் வரைந்தார். ‘பதேர் பாஞ்சாலி’ நாவலின் சிறுவர் பதிப்பிற்கு வரைந்த ஓவியங்களே பின்னர் அப்படத்திற்கு வித்தாயின. 1947இல் கல்கத்தா பிலிம் சொசைட்டியை நிறுவியோருள் அவரும் ஒருவர். பிற்காலத்திலும் சுவரொட்டி, எழுத்துரு, நூலட்டை ஆகிய பணிகளை அவர் விட்டவரல்லர். ஆகவே நடுவர் இருக்கைக்கு அவர் கொண்டுவந்தது இயக்குநரின் அனுபவம் மட்டுமன்று. ஓவியரின் கண்ணும் விமர்சகரின் பழக்கமும் ஆகும்.

நடுவராவதற்கு முன் அவர் பிறர் தீர்ப்புக்கு உட்பட்டார். ‘பதேர் பாஞ்சாலி’ முதன்முதலாகத் திரையிடப்பட்டது 1955 மே மாதம் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில், இந்தியத் துணிவகைகளும் அணிகலன்களும் பற்றிய கண்காட்சியை ஒட்டியே. அதாவது, ஒரு நாட்டின் கைவினைப் பண்பாட்டின் ஒரு கூறாகவே அப்படம் உலகின் முன் வைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு கான் நடுவர்கள் அதற்கு ‘மிகச் சிறந்த மானுட ஆவணம்’ என்னும் விருதை வழங்கினர். இச்சொல்லாட்சி எண்ணத்தக்கது. புனைவின் கட்டமைப்பும் படச்சட்ட ஒழுங்கும் திட்டமிட்டு அமைக்கப்பட்ட ஒரு கலைப்படைப்பு, வறுமையின் ‘ஆவணம்’ எனப் பெயரிடப்பட்டது. பாராட்டின் உள்ளேயே ஒரு குறைமதிப்பும் இருந்தது. 1957இல் ரெனே கிளேர் தலைமையிலான வெனிஸ் நடுவர் குழு ‘அபராஜிதோ’வுக்குத் தங்கச் சிங்கம் வழங்கியபோதே, ராயின் படைப்பு அடைமொழியின்றி முதன்மை விருதுக்கு உரியதாயிற்று.

1956இல் கான் நடுவர்களுள் ஒருவராக இருந்தவர் பிரிட்டிஷ் பிலிம் இன்ஸ்டிடியூட்டின் இயக்குநர் ஜேம்ஸ் குவின். அவரே 1961இல் பெர்லின் நடுவர் குழுவின் தலைவர். அக்குழுவில் ராய் ஓர் உறுப்பினர். ஐந்தாண்டுகளுக்கு முன் தம் படத்தை மதிப்பிட்டவருடன் ஒரே மேசையில் அமர்ந்து பிறர் படங்களை மதிப்பிடும் நிலையை ராய் அடைந்தார். அக்குழுவில் அமெரிக்க இயக்குநர் நிக்கோலஸ் ரே, பின்னாளில் வெனிஸ் விழாவை இயக்கிய இத்தாலிய விமர்சகர் ஜியான் லூயிஜி ரோண்டி ஆகியோரும் இருந்தனர். தங்கக் கரடி அந்தோனியோனியின் ‘லா நொத்தே’க்கு வழங்கப்பட்டது. நகரைப் பிளந்த சுவர் எழத் தொடங்கியது அவ்விழா முடிந்த சில வாரங்களில், ஆகஸ்ட் 13 அன்று.

1963இல் மாஸ்கோ விழாவின் நடுவர் குழுவிலும் ராய் இடம்பெற்றார். கிரிகோரி சுக்ராய் தலைமையிலான அக்குழு பெல்லினியின் ‘எட்டரை’ படத்திற்குப் பெரும்பரிசு அளித்தது. சோசலிச யதார்த்தவாதத்தை அரசுக் கொள்கையாகக் கொண்ட நாட்டில், ஓர் இயக்குநரின் அகக் குழப்பத்தைப் பேசும் படம் பரிசு பெற்றதை அதிகார வட்டத்தினர் விரும்பவில்லை. நடத்தும் நாட்டின் விருப்பத்திற்கு மாறாக ஒரு பன்னாட்டுக் குழு முடிவெடுக்க முடியும் என்பதை அத்தீர்ப்பு காட்டியது. 1938இல் வெனிஸ் நடுவர்களால் இயலாது போனது 1963இல் மாஸ்கோவில் இயன்றது எனலாம்.

4. தில்லி, 1965: ‘கம்பெரலிய’

இந்தியாவின் பன்னாட்டுத் திரைப்பட விழா 1952இலும் 1961இலும் போட்டியின்றியே நடந்தது. 1965 ஜனவரியில் புதுதில்லியில் நடந்த மூன்றாம் விழாவே போட்டிப் பிரிவுடன் அமைந்த முதல் விழா. அதன் நடுவர் குழுத் தலைவர் சத்யஜித் ராய். தங்கமயில் விருது இலங்கையின் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் இயக்கிய ‘கம்பெரலிய’ படத்திற்கு வழங்கப்பட்டது.

இத்தீர்ப்பின் பொருளை உணரச் சிங்களத் திரைப்படத்தின் தோற்றத்தை நினைவுகூர்தல் வேண்டும். முதல் சிங்களப் பேசும்படமான ‘கடவுனு பொரொந்துவ’ 1947இல் வெளிவந்தது. அதனைத் தயாரித்தவர் எஸ்.எம். நாயகம், அது உருவானது மதுரையின் சித்ரகலா மூவிடோன் படப்பிடிப்பு நிலையத்தில். தொடக்ககாலச் சிங்களப் படங்கள் பலவும் தென்னிந்தியப் படப்பிடிப்பு நிலையங்களில், தமிழ்ப் படங்களின் கதைப்போக்கையும் பாடல் அமைப்பையும் தழுவி எடுக்கப்பட்டன. சிங்களத் திரைப்படம் பிறந்த தொட்டில் தமிழகத்தில் இருந்தது. அது தனக்கெனப் பேசக் கற்றது அத்தொட்டிலைவிட்டு இறங்கிய பின்னரே.

அரசுத் திரைப்படப் பிரிவில் ஆவணப்பட அனுபவம் பெற்ற லெஸ்டர், 1956இல் ‘ரேகாவ’வின் வழியாகப் படப்பிடிப்பு நிலையத்தைவிட்டு வெளியேறினார். அப்படம் 1957இல் கான் போட்டிப் பிரிவில் இடம்பெற்றது. மார்ட்டின் விக்ரமசிங்கவின் நாவலைத் தழுவிய ‘கம்பெரலிய’ 1963இல் வெளிவந்தது. தென்னிலங்கைக் கிராமம் ஒன்றில் பழைய நிலவுடைமைக் குடும்பம் தளர்வதையும் புதிய வணிக வகுப்பு எழுவதையும் அது அடங்கிய குரலில் சித்திரித்தது. வழக்கமான பாடல், ஆடல், சண்டைக் கூறுகளை அது விலக்கியது.

வங்கத்தில் ராய் மேற்கொண்ட முயற்சிக்கும் இதற்கும் உள்ள உறவு வெளிப்படையானது. நாவலை அடிப்படையாகக் கொள்ளுதல், இயல்பான இடங்களில் படமெடுத்தல், மிகை நடிப்பைத் தவிர்த்தல் ஆகியன இருவருக்கும் பொதுவானவை. எனினும் விருதை ராய் ஒருவரின் சுவைக்கு உரியதாகக் காட்டுதல் பிழையாகும். அது ஒரு குழுவின் தீர்ப்பு. பின்னர் மெக்சிகோ விழாவிலும் அப்படம் ‘பலேன்கேயின் தங்கத் தலை’ விருதைப் பெற்றமை, தில்லித் தீர்ப்பு அண்டை நாட்டுச் சலுகையன்று என்பதற்குச் சான்றாகும். ராயின் தலைமைக்கு உரிய சிறப்பு வேறு. ‘ஆவணம்’ என்னும் அடைமொழியுடன் ஒரு காலத்தில் மதிப்பிடப்பட்டவர் தலைமை ஏற்ற குழு, மேலும் சிறியதொரு திரையுலகின் படத்தை அடைமொழி எதுவுமின்றி முதன்மை விருதுக்குரியதாக அறிவித்தது. மேற்கின் ஏற்புமுத்திரைக்குக் காத்திராமல், தெற்காசியாவில் அமைந்த ஒரு மேடையிலிருந்தே ஒரு தெற்காசியப் படத்திற்குப் பன்னாட்டு மதிப்பு வழங்கப்பட்டது. நடுவர் பொறுப்பின் வரலாற்றில் இது ஒரு திருப்பமாகும்.

5. நெருக்கடிகள்: 1964, 1968, 1970

நாட்டின் பெயராலா, கலையின் பெயராலா நடுவர் பேசுகிறார் என்னும் வினா காண்கலைத் துறையிலும் எழுந்தது. 1964ஆம் ஆண்டு வெனிஸ் ஈராண்டுக் கலைக்கண்காட்சியில் ஓவியத்திற்கான பெரும்பரிசை அமெரிக்கரான ராபர்ட் ரோஷன்பர்க் பெற்றார். அவருடைய படைப்புகளுள் பல, கண்காட்சிப் பூங்காவிற்கு வெளியே, அமெரிக்காவின் பழைய துணைத் தூதரகக் கட்டடத்தில் வைக்கப்பட்டிருந்தன. பூங்காவிற்குள் இல்லாத படைப்புகள் பரிசுக்குத் தகுதியுடையனவா என்னும் சிக்கல் எழவே, அவற்றுள் சில படகில் ஏற்றிப் பூங்காவிற்குக் கொண்டுவரப்பட்டன. நடுவர் குழுவில் சாம் ஹன்டர் என்னும் அமெரிக்கக் கலை வரலாற்றாசிரியரும் இருந்தார். பரிசு ஓவியருக்கா, அமெரிக்காவிற்கா என்னும் சர்ச்சை நெடுங்காலம் நீடித்தது. 1968 மாணவர் எழுச்சிக்குப் பின் அக்கண்காட்சி பெரும்பரிசுகளையே கைவிட்டது. 1986இல்தான் பரிசுகள் மீண்டன.

அதே 1968இல் கான் விழாவில் நடுவர்களே விழாவை முடக்கினர். பாரிஸ் மாணவர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் ஆதரவாக லூயி மால், மோனிக்கா விட்டி, ரோமன் பொலான்ஸ்கி, டெரன்ஸ் யங் ஆகிய நால்வரும் நடுவர் குழுவிலிருந்து விலகினர். மே 19 அன்று பரிசுகள் எவையுமின்றி விழா முடிவுற்றது. நடுவர் தம் பதவியைவிடத் தம் கலைஞர் அடையாளத்தை மேலாகக் கருதியதை இது காட்டுகிறது. 1972 முதல், நாடுகள் படங்களை அனுப்பும் முறையைக் கைவிட்டுக் கான் விழாவே படங்களைத் தெரிவுசெய்யத் தொடங்கியது.

1970 பெர்லின் நிகழ்வு இவற்றினும் சிக்கலானது. மைக்கேல் பெர்ஹோவன் இயக்கிய ‘ஓ.கே.’ என்னும் படம், 1966இல் வியட்நாமில் அமெரிக்க வீரர்கள் ஓர் இளம்பெண்ணைச் சீரழித்துக் கொன்ற நிகழ்வைப் பவேரியக் காட்டில் மீள நடத்திக் காட்டியது. அப்படம் மக்களினங்களுக்கிடையே நல்லுறவை வளர்த்தல் என்னும் விழா விதிக்கு இசைகிறதா என ஆராயுமாறு நடுவர் குழுவின் பெரும்பான்மையினர் விழா நிர்வாகத்தைக் கேட்டனர். தலைவர் அமெரிக்க இயக்குநர் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ். இதனை ஏற்காத யூகோஸ்லாவிய இயக்குநர் துஷான் மகாவியேவ் செய்தியை வெளியிட்டார். பெரும் சர்ச்சைக்குப் பின் நடுவர் குழு பதவி விலகியது, பரிசுகள் வழங்கப்படவில்லை.

இருவரின் வாழ்வையும் அறியாமல் இம்மோதலை விளங்கிக்கொள்ள இயலாது. ஸ்டீவன்ஸ் இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படையின் ஒளிப்பதிவுக் குழுவை வழிநடத்தியவர். 1945இல் டாஹாவ் வதைமுகாமைப் படமாக்கியவர். அவர் மேற்பார்வையில் தொகுக்கப்பட்ட படம் நூரம்பர்க் வழக்கில் சான்றாகக் காட்டப்பட்டது. தம் நாட்டுப் படையை விடுதலையளித்த படையாகக் கண்ட தலைமுறையினர் அவர். மகாவியேவோ கட்டுப்பாடுகளை எள்ளி நகையாடும் படங்களால் அறியப்பட்டவர். 1968இல் இதே பெர்லினில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசைப் பெற்றவர். ஒருவர் கேமராவைச் சான்றாகக் கருதினார். மற்றவர் அதனை வினாவாகக் கருதினார். இருவரும் கலைஞர்களாகவே வந்தனர். எனினும் ஒரு நாட்டின் செயல் திரையில் குற்றம் சாட்டப்பட்டவுடன் நாட்டுப் பிரதிநிதி என்னும் பழைய நிழல் மீண்டும் அம்மேசையில் விழுந்தது. அடுத்த ஆண்டே பெர்லினில் இளம் திரைப்படத்திற்கான தனி அரங்கு போட்டிப் பிரிவுக்குப் புறம்பாகத் தொடங்கப்பட்டது.

6. வெனிஸ், 1982: வட்டம் நிறைவுறுதல்

தொடக்கத்தின் ஐம்பதாம் ஆண்டை ஒட்டி 1982இல் நடந்த வெனிஸ் விழாவின் நடுவர் குழுவில் எழுவர் இருந்தனர்: மார்செல் கார்னே (தலைவர்), லூயிஸ் கார்சியா பெர்லாங்கா, மாரியோ மொனிசெல்லி, ஜில்லோ பொன்தெகோர்வோ, சத்யஜித் ராய், ஆந்த்ரே தார்க்கோவ்ஸ்கி, வலேரியோ சுர்லினி. எழுவரும் இயக்குநர்கள். அவர்களுள் ஐவர் முன்னரே வெனிஸில் தங்கச் சிங்கம் பெற்றவர்கள்: ராய் 1957இலும், மொனிசெல்லி 1959இலும், பொன்தெகோர்வோ 1966இலும் பெற்றனர். தார்க்கோவ்ஸ்கியும் சுர்லினியும் 1962இல் அவ்விருதைப் பகிர்ந்துகொண்டவர்கள். அதே 1982இல் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் பெற்றோர் வரிசையிலும் ராய் இருந்தார்.

1946இன் கான் குழுவோடு இதனை ஒப்பிடின் மாற்றத்தின் அளவு புலப்படும். அங்கு நாடுகள் அமர்ந்தன. இங்குத் தனித்த கலைஞர்கள் அமர்ந்தனர். அங்குப் பதினொரு நாடுகளுக்குப் பரிசு பங்கிடப்பட்டது; இங்கு விம் வெண்டர்ஸின் ‘நிகழ்வுகளின் நிலை’ என்னும் ஒரே படம் தங்கச் சிங்கத்தைப் பெற்றது. அப்படமும் படமெடுப்போரைப் பற்றியதே. பாஸ்பிண்டரின் கடைசிப் படமான ‘கெரெல்’ விருது பெறாமையைக் குறித்துத் தலைவர் கார்னே தம் வருத்தத்தை வெளிப்படையாக அறிவித்தார். 1956இல் பெர்லினின் முதல் பன்னாட்டுக் குழுவுக்குத் தலைமை ஏற்ற அதே கார்னே, இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின் தம் குழுவின் தீர்ப்பிலிருந்தே வேறுபட்டு நின்றார். நடுவர் தனித்த கலைஞர் என்றான பின், அவருடைய மாறுபட்ட கருத்தும் பொதுவெளிக்கு உரியதாயிற்று.

அவ்வாண்டு கான் நடுவர் குழுவில் மிருணாள் சென், கேப்ரியல் கார்சியா மார்க்கேசுடன் அமர்ந்தார். மறு ஆண்டு அவருடைய ‘காரிஜ்’ கானில் நடுவர் பரிசைப் பெற்றது. ராயும் 1961இல் பெர்லினில் நடுவராக இருந்த பின், 1964இல் ‘மகாநகர்’ படத்திற்கும் 1965இல் ‘சாருலதா’வுக்கும் அங்குச் சிறந்த இயக்குநர் விருது பெற்றார். இவ்விருதுகளை அளித்த குழுக்கள் வேறானவை. ஆதலின் சலுகை என்னும் குற்றச்சாட்டிற்கு இடமில்லை. ஆனால் நடுவர் இருக்கையும் பரிசு மேடையும் அருகருகே அமைந்த ஒரே கூடத்தின் பகுதிகளாகிவிட்டன என்பதை மறுத்தற்கில்லை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. போருக்குப் பிந்தைய முதல் விழாக்களில் நடுவர் நாட்டின் பிரதிநிதியாக இருந்தார். 1982 அளவில் அவர் தனித்த கலைஞராக மாறினார்.

2. இம்மாற்றம் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்த கலைஞர்களுக்கும் தீர்ப்பளிக்கும் உரிமையைத் தந்தது. 1965இல் ‘கம்பெரலிய’ பெற்ற விருது அதன் தெளிவான விளைவு. சிங்களத் திரைப்படத்தின் தோற்றத்தோடு மதுரைக்கு உள்ள தொடர்பைக் கருதுங்கால், அத்தீர்ப்பு தமிழ்த் திரைப்பட வரலாற்றாய்வுக்கும் உரிய பொருளாகிறது.

3. 1968, 1970 நெருக்கடிகள் நடுவரின் தன்னுரிமையை வலியுறுத்தின. எனினும் நாட்டுப் பற்று என்னும் பழைய கூறு முற்றிலும் மறையவில்லை.

4. கலைஞரே நடுவரானமையால், விருது பெற்றோரே விருது வழங்கும் வட்டம் ஒன்று உருவாயிற்று. வெளியிலிருந்து ஒருவர் அவ்வட்டத்தினுள் நுழைய முடியும் என்பதற்கு ராய் சான்று. நுழைவதற்கு முதலில் அவ்வட்டத்தின் விருதைப் பெற்றாக வேண்டும் என்பதற்கும் அவரே சான்று.

தமிழில் திரைப்பட விருதுகள் பற்றிய ஆய்வுகள் படங்களைப் பட்டியலிடுவதோடு நின்றுவிடுகின்றன. மாநில, தேசிய விருதுகளின் நடுவர் குழுக்களையும் அவற்றின் உறுப்பினர்தம் பணிவரலாற்றையும் இவ்வகையில் தொகுத்து ஆராயின், நம் திரைப்படங்கள் எந்த அளவுகோலால், எவரால் அளக்கப்பட்டன என்பது தெளிவாகும்.